அப்பாவுக்குச் செதில், மகளுக்குப் புள்ளி: இரண்டும் சொரியாசிஸ்தானா?

வாசகர் கேள்வி: என் கணவருக்கு 39 வயது. திருகோணமலை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடமாக இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் தடித்த படை. தலையில் சொடுகு மாதிரிக் கொட்டுகிறது. சொரியாசிஸ் என்றார்கள். பூச்சு மருந்தில் குறையும், பிறகு வரும். போன வருடம் ஒருவரிடம் பெயர் எழுதாத குளிசைப் பொட்டலம் வாங்கிக் குடித்தார். இரண்டு கிழமையில் படை முழுவதும் மறைந்தது. மூன்று மாதத்தில் நிறுத்தினார். முன்பைவிடக் கூடுதலாக, முதுகிலும் வயிற்றிலும் வந்துவிட்டது. இப்போது எங்கள் பதினொரு வயது மகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறி, இரண்டு கிழமைக்குப் பிறகு உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். இதையும் சொரியாசிஸ் என்கிறார்கள். பார்க்க இரண்டும் வேறு வேறு. எப்படி ஒரே வருத்தமாக இருக்கும்? தகப்பனிடமிருந்து தொற்றியதா? மாமி இருவருடைய துவாயையும் சாப்பாட்டுக் கோப்பையையும் புறம்பாக வைத்துவிட்டார். குட்டமாக இருக்குமோ என்றும் பயப்படுகிறார். அந்தக் குளிசையை மறுபடி வாங்குவோமா என்று கணவர் கேட்கிறார். விடிய எழும்பினால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் விரல் விறைக்கிறது என்றும் சொல்கிறார். அது வேலைக் களைப்பு என்று நினைக்கிறேன். (வாசகி, பாலையூற்று)

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்களுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்: அந்தக் குளிசை, கணவரின் விரல். படையும் புள்ளியும் எப்படி ஒரே நோயாகும் என்பதைப் பிறகு ஆறுதலாகப் பார்ப்போம்.

குளிசையை மறுபடி வாங்க வேண்டாம். பெயரில்லாத மருந்து, இரண்டு கிழமையில் முழுப் படையும் மறைதல், நிறுத்தியதும் முன்பைவிடப் பரந்து வருதல். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் உள்ளே ஸ்டீரொயிட் (அழற்சியைச் சட்டென்று அடக்கும் மருந்து) கலந்திருக்கும் என்றே நான் சந்தேகிப்பேன். அந்த மாதங்களில் அவருக்குப் பசி கூடியதா, முகம் ஊதியதா, பிரஷரோ சீனியோ ஏறியதா என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கும் வேறு பல நோய்களுக்கும் ஸ்டீரொயிட் உயிர் காக்கும் மருந்து. ஆனால் சொரியாசிஸ் உள்ளவர் அதைக் குளிசையாகவோ ஊசியாகவோ எடுத்துவிட்டு நிறுத்தினால், அடங்கியிருந்த நோய் இரட்டிப்பாக எழும்பும். சில வேளை சாதாரணப் படையாக இருந்தது ஆபத்தான வேறு வடிவத்துக்கே மாறிவிடும். உங்கள் கணவருக்கு முதுகுக்கும் வயிற்றுக்கும் பரவியதோடு நின்றது. அதற்கு மேல் போனவர்களை வார்டில் பார்க்கிறோம்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படியான குளிசையை இப்போதும் குடித்துக்கொண்டிருக்கும் யாராவது இதை வாசித்தால், பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட்டைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சக் குளிசையைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று வைத்தியர் சொல்லுவார்.

சித்த மருத்துவத்தைப் பழித்து இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊரிலேயே பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் முறையாகப் படிப்பிக்கிறார்கள். பதிவு பெற்ற சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டுவதானால் காட்டுங்கள். என்ன மருந்து தருகிறார் என்று எழுதி வாங்குங்கள், இரண்டு பக்க வைத்தியருக்கும் மற்றவர் தருவதைச் சொல்லுங்கள். எந்த மருத்துவமாக இருந்தாலும், பெயரை எழுதித் தர மறுப்பவரின் மருந்தை வாயில் போடக் கூடாது.

இனி விரல். இதை வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். களைப்பால் வரும் நோ பின்னேரத்தில் கூடும், இரவு படுத்து எழும்பினால் குறையும். உங்கள் கணவருக்கு நேர்மாறாக இருக்கிறது: விடிய எழும்பும்போது விறைப்பு. அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்த விறைப்பு நிற்கிறதா, வேலை செய்யச் செய்ய இளகுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு வாதமாக இருக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் 100 பேருக்கு 30 பேர் வரை இது வருகிறது. பெரும்பாலும் தோலில் படை வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் மூட்டுக்கு வரும். அதனால்தான் வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்று இரவு அவருடைய கையை விளக்கடியில் வைத்து நகங்களைப் பாருங்கள். நகத்தில் ஊசி முனை அளவில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? நகத்துக்கு அடியில் எண்ணெய்க் கறை படிந்த நிறத்தில் மஞ்சள் கலந்த கபில நிறத் திட்டு? நகம் நுனியில் சதையை விட்டுக் கிளம்பி நிற்கிறதா? இவை சொரியாசிஸ் நகத்துக்கு வந்ததன் அடையாளங்கள். நகத்தில் இருப்பவர்களுக்கு மூட்டில் வரும் வாய்ப்புக் கூட. ஒரு விரல் மட்டும் அடி முதல் நுனி வரை வீங்கித் தடித்திருக்கிறதா, குதிக்காலில் நோ இருக்கிறதா, விடியற்காலையில் நாரி விறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வாதத்துக்கு வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனை இந்த வாதத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ‘ரிப்போர்ட் நல்லம்’ என்று வந்தாலும் வைத்தியரிடம் விரலைக் காட்டியே ஆக வேண்டும். மூட்டு ஒருமுறை அரிபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, கத்தரிக்கோலால் பிழைக்கும் மனிதருக்கு விரல்தான் முதல். படை இன்னும் சில மாதம் பொறுக்கலாம், விரல் பொறுக்காது.

சரி, உங்கள் முதல் கேள்வி. தகப்பனுக்கும் மகளுக்கும் எப்படி ஒரே நோய்?

எங்கள் தோலின் மேற்பரப்பு தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து கண்ணுக்குத் தெரியாமல் உதிர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்புச் செல்கள் காரணமில்லாமல் தோலைத் தூண்டிவிடுவதால், அந்த ஒரு மாத வேலை மூன்று முதல் ஐந்து நாளில் நடக்கிறது. கடற்கரையோர வீட்டுச் சுவரில் முதல் பூச்சுக் காயுமுன் அடுத்ததை அடித்தால் பொருக்கு வெடித்து உதிருமே, அதுபோலத்தான் முதிராத செல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளைச் செதிலாகக் கொட்டுகின்றன. தோலுக்கு அடியில் நடப்பது உங்கள் வீட்டில் இருவருக்கும் இதுதான். ஆனால் அது எதனால் கிளப்பப்பட்டது, உடம்பில் எங்கே வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பதைப் பொறுத்து வெளியே தெரியும் உருவம் மாறுகிறது.

கணவருக்கு இருப்பது தட்டை வடிவம். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு இதுதான். முழங்கை, முழங்கால், நாரி, தலை. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. விளிம்பு தெளிவாகத் தெரியும், தொட்டால் தடிப்பாக இருக்கும். புத்தகப் படங்களில் இது சிவப்பாக இருக்கும். எங்கள் நிறத் தோலில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கருங்கபிலமாகவோ சாம்பலாகவோ தெரிவதால், படத்தோடு ஒப்பிட்டு ‘இது அதில்லை’ என்று ஏமாறுபவர்கள் பலர். படை மாறிய பிறகு கருந்தழும்போ வெளிறிய தழும்போ சில மாதம் நிற்கும். அது நோயின் மிச்சமில்லை. அதற்கு மருந்து பூசிக்கொண்டே இருக்க வேண்டாம், தானாக மங்கும்.

தலையில் கொட்டுவதும் அதே நோய்தான், சொடுகு இல்லை. சொடுகு மெல்லியதாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். சொரியாசிஸ் தடித்த அடையாக, மயிர் எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கும். சீப்பால் சுரண்டி எடுக்க வேண்டாம். அடையைப் பலவந்தமாகப் பெயர்த்தால் அடியில் ஊசி முனையளவு இரத்தப் பொட்டுகள் தோன்றும், அந்தக் காயமே புதிய படைக்கு இடம் கொடுக்கும். சொரியாசிஸ் உடம்பில் காயம் பட்ட இடத்தில் படை முளைப்பது இந்த நோயின் குணம். முழங்கையை வெட்டுமேசையில் ஊன்றி ஊன்றி வேலை செய்யும் தையற்காரருக்கு முழங்கைப் படை பிடிவாதமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேசை விளிம்பில் மெத்தென்று ஒரு துணி மடித்துப் போடச் சொல்லுங்கள். கோயில் நேர்த்திக்கு மொட்டை அடிக்கவோ முள் குத்திக் காவடி எடுக்கவோ நினைப்பவர்களும் நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் தள்ளிப் போடுவது நல்லது.

மகளுக்கு வந்திருப்பது துளி வடிவம் என்று உங்கள் வர்ணனையே சொல்கிறது. சிறுவர்க்கும் இளவயதினர்க்கும்தான் இது அதிகம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமைக்குள், நெஞ்சு, முதுகு, வயிறு, கை கால்களின் மேற்பகுதி என்று ஒரு சதமீற்றருக்கும் குறைந்த புள்ளிகள் ஒரேயடியாகக் கொட்டும். தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய செல்கள் தோலையும் எதிரி என்று நினைத்துவிடுகின்றன. அப்படி நினைக்கத் தோதான மரபணு அவளுக்குத் தகப்பன் வழி வந்திருக்கும்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. துளி வடிவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாக மறையும். ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் தட்டை வடிவமாகத் திரும்பி வரக்கூடும், அது யாருக்கு என்று இப்போது சொல்ல முடியாது. தொண்டை இன்னும் நொந்தால் காட்டி, கிருமி இருந்தால் அன்ரிபயோட்டிக்கை நாள் தவறாமல் முழுவதும் கொடுங்கள். அதனால் புள்ளிகள் உடனே மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தொண்டைக் கிருமியைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இதய வால்வு வரை பாதிக்கும் வாதக் காய்ச்சல் வரும் என்பதற்காகவே அதைச் சரியாகக் குணப்படுத்தச் சொல்கிறேன். புள்ளிகளுக்கு ஈரப்பதன் தரும் களிம்பும், வைத்தியர் எழுதினால் வீரியம் குறைந்த பூச்சு மருந்தும் போதும். தகப்பனின் ரியூப்பை எடுத்து மகளுக்குப் பூச வேண்டாம். பெரியவர்களின் தடித்த படைக்கு எழுதிய மருந்து பிள்ளையின் தோலை மெலியப் பண்ணிவிடும்.

தொற்றியதா என்ற கேள்விக்கு ஒரே பதில்: இல்லை. துவாயால் தொற்றாது, கோப்பையால் தொற்றாது, ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது தொண்டைக் கிருமி மட்டுந்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூட என்பது உண்மை. ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வருவதே இல்லை. 2014 ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸைப் பற்றித் தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நாட்பட்ட, தொற்றாத, நோவும் முடக்கமும் தரும் நோய் என்று அதில் சொல்லியிருக்கிறது; நோயாளரை ஒதுக்கிவைப்பதற்கு எதிராகவும் பேசியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது ‘மாறும் வரைக்கும் வர வேண்டாம்’ என்றால் கிளினிக்கில் கேளுங்கள், தொற்றாது என்று கடிதம் எழுதித் தருவார்கள். பதினொரு வயதுப் பெண்பிள்ளை கோப்பை புறம்பாக வைக்கப்பட்டதை மறக்கமாட்டாள், தங்கச்சி. புள்ளி பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். அந்தக் கோப்பையை இன்றைக்கே மற்றக் கோப்பைகளோடு சேர்த்து வையுங்கள்.

மாமியைக் கோபிக்கவும் வேண்டாம். குட்டமும் சொரியாசிஸும் ஒன்றென்று மருத்துவர்களே நெடுங்காலம் குழம்பினார்கள். 1841 இல் வியன்னாவில் ஃபெர்டினண்ட் ஹெப்ரா என்ற தோல் வைத்தியர்தான் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். வித்தியாசம் வீட்டிலேயே பார்க்கலாம். குட்டத்தின் தேமல் உணர்ச்சி குறைந்தது. பஞ்சால் தொட்டால் தெரியாது, பெரும்பாலும் அரிக்காது, வேர்க்காது, மயிர் உதிர்ந்திருக்கும். சொரியாசிஸ் படையில் தொடுகை நன்றாகத் தெரியும், செதில் கொட்டும், பலருக்கு அரிக்கும். கிழக்கு மாகாணத்தில் குட்ட நோயாளர்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருந்தால் மறைக்க வேண்டாம். அதற்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முழுச் சுகம் கிடைக்கும்.

படர்தாமரையோடு குழம்புவதும் உண்டு. பங்கஸால் வரும் படர்தாமரை வட்டமாக, ஓரம் எழும்பி நடுப்பகுதி தெளிந்து பரவும். அதற்குப் பார்மசியில் ஸ்டீரொயிட் கலந்த கிறீம் வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும், பங்கஸ் உள்ளுக்குள் வளரும், பிறகு வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் உருமாறிவிடும். என்ன நோய் என்று தெரியும் முன்னர் எந்தக் கிறீமும் பூசக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதே குழப்பம் சொரியாசிஸின் இன்னொரு வடிவத்திலும் நடக்கிறது. அக்குள், கவட்டு மடிப்பு, மார்புக்கு அடிப்பகுதி, தொப்புள் ஆகிய இடங்களில் வரும் மடிப்பு வடிவத்தில் செதிலே இருக்காது. வேர்வையில் ஊறிப் பளபளவென்று சிவந்து, எரியும். எங்கள் ஊர் வெயிலில் பலர் இதை வேர்வைப் பங்கஸ் என்றே நினைத்து வருடக்கணக்காக வெட்கத்தில் காட்டாமல் இருக்கிறார்கள். மடிப்புத் தோல் மெல்லியது. முழங்கைக்குப் பூசும் மருந்தை அங்கே பூசினால் தோல் கிழிந்து கோடு விழும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது வேறு தினுசு. தோல் தடித்து, வெடித்து, இரத்தம் கசியும். கரைவலை இழுப்பவர்களும் சீமெந்து வேலை செய்பவர்களும் படும் பாடு சொல்லி முடியாது. பார்க்கச் சின்ன இடம், ஆனால் பிழைப்பையே நிறுத்திவிடும். சிலருக்கு அதே இடத்தில் மஞ்சள் நிறச் சீழ்க் கொப்புளங்கள் வரும். அந்தச் சீழில் கிருமி இல்லை, அன்ரிபயோட்டிக் குடித்துப் பயனில்லை. இந்த வடிவத்துக்கும் புகைத்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பீடி, சிகரெட், சுருட்டு எல்லாம் ஒன்றுதான்.

இனி ஆபத்தான இரண்டு வடிவங்கள். நான் குளிசையைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுதியது இவற்றை நினைத்துத்தான். ஒன்றில் காய்ச்சலும் நடுக்கமுமாக உடம்பெங்கும் தோல் சிவந்து நொந்து, அதன்மேல் குண்டூசித் தலையளவு சீழ்க் கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். கர்ப்ப காலத்திலும் சிலருக்கு இது வரும். மற்றதில் உடம்பின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிவந்து உரியும். தோல் முழுவதும் சிவந்தால் உடம்பால் சூட்டையும் நீரையும் பிடித்துவைக்க முடியாது. மதிய வெயிலிலும் ஆள் குளிரில் நடுங்குவார், கால் வீங்கும், இதயம் களைக்கும். இரண்டும் அவசர நோய்கள். கிளினிக் நாள் வரும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சுகமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அடியோடு அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் மருந்து நிறைய இருக்கிறது. மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காகத் தோல் தெளிவாக இருக்க வைக்கலாம். ‘நிரந்தரச் சுகம்’ என்று எழுதி விற்பவரை நம்ப வேண்டாம்.

பூச்சு மருந்து வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் பலர் அதைத் தேவைக்குக் குறைவாகப் பூசுபவர்கள். பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ரியூப்பிலிருந்து நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். கணவரின் ஒரு முழங்கைப் படை எத்தனை உள்ளங்கை என்று அளந்து, அந்தக் கணக்கில் பூசுங்கள். கூடினாலும் நல்லதல்ல. வீரியமான ஸ்டீரொயிட் களிம்பை வைத்தியர் சொன்ன கிழமைகளுக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது. கல்சிப்போட்ரையோல், தார் மருந்து, சலிசிலிக் அமிலக் களிம்பு என்று மாற்றி மாற்றித் தருவது அதற்காகத்தான்.

குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, ஈரப்பதன் காக்கும் களிம்பைப் பூச வேண்டும். கிளினிக்கில் தரும் எமல்சிஃபையிங் ஒயின்மென்ட் போதும், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வறண்டு வெடிக்கும். அந்த நாட்களில் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். பரபின் கலந்த களிம்பு ஊறிய உடுப்பில் நெருப்புச் சட்டென்று பிடிக்கும். அடுப்படிக்கும் குத்துவிளக்குக்கும் அருகில் மகளைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

படை உடம்பில் நிறையப் பரவினாலும், மூட்டைத் தொட்டாலும் பூச்சு மட்டும் போதாது. 311 நானோமீற்றர் அளவான புறஊதா ஒளியை இயந்திரத்தில் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை காட்டும் சிகிச்சை இருக்கிறது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. உங்கள் கணவருக்கு மூட்டு வாதம் உறுதியானால் மெத்தோட்ரெக்சேட் பற்றிப் பேச்சு வரலாம். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கும் மருந்து. தினமும் குடித்தால் எலும்பு மச்சை பாதித்து உயிரே போகும். எந்த நாள் என்று கலண்டரில் வட்டம் போட்டுத் தொங்கவிடுங்கள். இரத்தமும் ஈரலும் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். சாராயம் கூடவே கூடாது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மருந்து தொடங்கு முன்னரே சொல்லிவிடுங்கள். இதையும் தாண்டி, நோயைக் கிளப்பும் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் தடுக்கும் புதிய ஊசிகள் வந்திருக்கின்றன. அவை விலை கூடியவை, நிபுணர் தீர்மானிக்க வேண்டியவை.

எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் மூன்று விஷயங்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் மாறுமா? கிரியைக்குப் போனால் குளித்துவிட்டு வாருங்கள், சொரியாசிஸுக்கு மருந்தென்று சுடுநீரை ஊற்ற வேண்டாம். சூடான தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவி அரிப்பைக் கூட்டும். கடற்குளிப்பு? பலருக்கு உப்புத் தண்ணீரும் இளவெயிலும் நன்மை செய்யும். காலை வெயிலில் கொஞ்ச நேரம் குளித்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, களிம்பு பூசுங்கள். உச்சி வெயிலில் நின்று தோல் கருகினால் கருகிய இடத்தில் படை வரலாம். மூன்றாவது, கிரந்திச் சாப்பாடு. கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைக்காதீர்கள். இவற்றால் சொரியாசிஸ் வருவதில்லை. சாப்பிட்டதும் தடித்துக் கடித்தால் அது வேறு ஒவ்வாமை, அந்த ஒன்றை மட்டும் விடுங்கள். சூடை, கும்பளா போன்ற எண்ணெய் மீன்கள் நல்லவை. கணவருக்கு வண்டி (தொப்பை) வைத்திருந்தால் நிறையைக் குறைப்பது தோலுக்கும் மூட்டுக்கும் மருந்துக்குச் சமம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சீனி, பிரஷர், மாரடைப்பு வரும் வாய்ப்புக் கூட என்பதால் அவற்றையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். துணியில் செதில் விழுகிறதே என்று அவர் கடைக்குப் போகவே மனமில்லாமல் இருந்தால், இரவில் நித்திரை வராவிட்டால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் இந்த நோயோடு வருவது, அதற்கும் மருத்துவம் உண்டு.

திருகோணமலை ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இருவரையும் காட்டித் தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். போகிற அன்று தலையில் எண்ணெய் வேண்டாம், மகள் மருதோன்றியோ கியூட்டெக்ஸோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நகம் பார்க்க வேண்டும். பழைய ரியூப்கள், அந்தப் பொட்டலத்தில் ஏதும் மிச்சமிருந்தால் அது, கணவர் வேறு வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிரஷருக்குத் தரும் அட்டெனொலோல் வகைக் குளிசையும் மனநோய்க்குத் தரும் லித்தியமும் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும். அப்படி ஏதும் இருந்தால் வைத்தியர் மாற்றுவார், நீங்களாக நிறுத்த வேண்டாம். விரல் விறைப்பை மறக்காமல் முதலில் சொல்லுங்கள். மகளின் முதுகையும் வயிற்றையும் இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாள் வருவதற்குள் புள்ளிகள் மங்கிவிட்டாலும் படத்தைப் பார்த்து வைத்தியர் வடிவத்தை உறுதிப்படுத்துவார்.